அவன் இல்லாத ஆட்டம் (கடிதம்)

அண்ணாச்சிக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழம கொல்லத்துல நம்ம பயலுவளுக்கு ஹாக்கி செமி ஃபைனல், தெரிஞ்சிருக்கும். போன வருஷம் நம்மள வெளிய அனுப்புன அதே டீம்தான் எதிர்ல. ஆனா இந்த தடவ அவங்க டிராக் ஃப்ளிக் (பெனால்டி கார்னர்ல பந்த குச்சியால இழுத்து வீசுறது) அடிக்கிற பையன் தொடையில தசை பிடிச்சு உக்காந்துட்டான், நடுவுல நின்னு ஆடுற சென்டர் ஹாஃபுக்கு கணுக்கால் வீங்கிக் கெடக்கு, இன்னொரு ஃபார்வர்டும் டவுட்டுன்னு சொல்லுதாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்புல ஃபைனல் யார்கூடங்கிற பேச்சே ஆரம்பிச்சாச்சு. நீங்க என்ன நினைக்கிய? ஈஸியா முடிஞ்சிருமா? அடுத்தவனுக்கு அடிபட்டதுல என்னல சந்தோஷம்னு எங்கப்பா திட்டுதாரு, அதுக்கும் பதில் சொல்லுங்க.

புளியரையிலேர்ந்து ஒரு வாசகர்

தம்பி,

அப்பா விஷயத்த மொதல்ல முடிச்சிருவோம். அந்தப் பையன் ஆடலன்னு கேட்டதும் எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு, அத மறைச்சு என்ன ஆகப்போவுது. அடிபடணும்னு நாம யாரும் நேந்துக்கிடலயே, விடுங்க.

ஆனா ஈஸியா முடியும்னு எனக்குத் தோணல. அவங்க ஃபுல் டீமோட வந்திருந்தா நான் இன்னும் நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப நம்ம நெலமையப் பாருங்க, ஜெயிச்சா ஆரியங்காவு டீக்கடையில பழம்பொரிய கையில வச்சுக்கிட்டே "அவன் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்"பாங்க, தோத்தாலோ "அவன் இல்லாமலே இவனுவள அடிச்சோம்"னு பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் சொல்லுவாங்க, ரெண்டுல எது நடந்தாலும் பேச்சு அவங்களுக்குத்தான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ எடுத்துக்கோங்க, நம்ம வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனா இருந்து தங்கம் வாங்குனாரு, இன்னைக்கும் அதப் பேசுனா எவனாவது ஒருத்தன் "அந்த வருஷம் பெரிய டீம் யாருமே வரலயே"ன்னு ஆரம்பிப்பான். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா வரல, வாஸ்தவம்தான். ஆனா வந்தவங்க என்ன சும்மாவா விட்டாங்க, போலந்து கூட 2-2 டிரா, ஃபைனல்ல ஸ்பெயின ஜெயிச்சதே 4-3தான். அந்த ஒரு கோல் வித்தியாசத்த யாரும் பேசமாட்டான்.

இன்னொரு பக்கம் பாரிஸ் 2024. பிரிட்டன் கூட குவார்ட்டர் ஃபைனல், 17வது நிமிஷத்துலயே அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு, மிச்சம் இருக்கிற 40 நிமிஷத்துக்கு மேல பத்தே பேரு. நாம என்ன செஞ்சோம்? எல்லாரும் பின்னால வந்து கோல் முன்னால இருக்கிற டி வட்டத்த அடைச்சு நின்னுகிட்டு 1-1ல புடிச்சு வச்சு ஷூட் அவுட்ல 4-2ன்னு முடிச்சோம், கோல்ல நின்னது நம்ம பக்கத்து எறணாகுளத்துக்காரரு ஸ்ரீஜேஷ். ஞாயித்துக்கிழம அவங்க இதத்தான் செய்வாங்கன்னு நினைக்கேன். மூணு பேரு இல்லாத டீம் ஏறி வந்து ஆடாது தம்பி, குறுக்க நின்னு கெடுக்கும், நம்ம பயலுவளுக்குப் பொறுமை போயி நடுவுலேர்ந்தே கண்ணமூடி அடிக்க ஆரம்பிச்சானுவன்னா பந்தப் பறிச்சுட்டு ஓடுற ஒரு கவுண்டர் அட்டாக் போதும்.

பெனால்டி கார்னர்தான், அதாவது டி-க்குள்ள நாம தப்பு பண்ணா அவங்களுக்குக் கெடைக்கிற அடிதான், எனக்கு ரொம்ப உறுத்துது. கோல் கீப்பரோட சேத்து அஞ்சு பேருதான் தடுக்கணும், அதுல மொதல்ல ஓடுற நம்ம பையன் இத்தன மாசமா அந்த ஃப்ளிக்கர் ஒருத்தனுக்காகவே பழகிருக்கான், அவன் கால் எங்க ஊணுதான், தோள் எப்பத் திரும்புதுன்னு வீடியோ போட்டுப் போட்டுப் பாத்தாச்சு. இப்ப அவன் இல்ல. வேற எவனாவது நேரா ஹிட் அடிச்சா மொத அடி கோலுக்குள்ள கீழ இருக்கிற பலகை உயரத்துக்கு மேல போகக்கூடாது, லைன்ல நிக்கவன் குச்சிய வச்சுத் தடுத்துரலாம். ஆனா அடிக்கிற மாதிரி வந்து பக்கத்துல தள்ளிவிட்டு எவனோ ஒருத்தன் போஸ்ட் ஓரத்துல குச்சிய நீட்டித் திருப்புனான்னா? அதுக்கு நம்மகிட்ட வீடியோ கெடையாது. செம்மண் தரையில பழகுன பயலுவ வேற, செயற்கைப் புல் டர்ஃப்புல தண்ணியடிச்சு வச்சிருந்தா பந்து என்ன வேகத்துல வழுக்கிட்டு வரும்னு உங்களுக்கே தெரியும்.

அப்ப அவங்களுக்கு இழப்பே இல்லையான்னா இருக்கு, அது தெரிய நேரமாகும். ஹாக்கியில எத்தன தடவ வேணாலும் ஆள மாத்தலாம், அஞ்சு நிமிஷம் ஓடிட்டு வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி எறங்கலாம். பெஞ்சு சுருங்கிட்டா அந்த மூச்சு கெடைக்காது, அதுவும் சென்டர் ஹாஃப் இல்லன்னா அவன் ஓட்டத்தையும் சேத்து மத்தவன் ஓடணும். மொத ரெண்டு குவார்ட்டர் ஒண்ணும் தெரியாது, நாலாவதுல கால் கெஞ்சும். அதுவரைக்கும் நம்ம கோச் பந்த இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மாத்தி மாத்தி அனுப்பி அவங்கள ஓடவிடணும், கோல் வரலயேன்னு கேலரியில கெடந்து நாம கத்துனா பயலுவ பதறுவானுவ.

எங்கணக்கு 2-1, நமக்கு. ரெண்டாவது கோல் கடைசி பத்து நிமிஷத்துல. ஷூட் அவுட்டுக்குப் போச்சுன்னா நான் வெளிய வந்து நின்னுக்கிடுவேன், என்னத் தேடாதீங்க.

அப்பறம் அந்தக் குரூப்புல போட்ட ஃபைனல் பேச்சையெல்லாம் இன்னைக்கே அழிக்கச் சொல்லுங்க. புனலூர்க்காரங்க ரெண்டு பேரு அதுல இருக்காங்க, ஸ்க்ரீன்ஷாட் இந்நேரம் அவங்க கோச்சுக்குப் போயிருக்கும்.