தேடல் டூலுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "செம்பனைப் பழக்குலை வாங்கும் எங்கள் கடையில் என்8என் (வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் மென்பொருள்) வைத்து ஒரு ஏஐ ஏஜென்ட் ஓட்டுகிறோம். சிறுதோட்டக்காரர்கள் டெலிகிராமில் விலை கேட்டால் அது இணையத்தில் தேடிப் பதில் சொல்லும். கட்டியது நான்தான். அடுத்த மாதம் பிரசவ விடுப்பில் போகிறேன். இனிமேல் இதைப் பார்த்துக்கொள்ளப் போகும் அண்ணனுக்குத் தேடல் டூலைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். எதை எழுதுவது, எங்கே எழுதுவது?"

விடுப்புக்கு முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. தங்கச்சி, உங்கள் குறிப்பை அண்ணனுக்கு முன்னால் படிக்கப்போவது அந்த ஏஜென்ட். டூலுக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தேடலாமா வேண்டாமா, என்ன சொல் போட்டுத் தேடுவது என்பதையெல்லாம் நீங்கள் எழுதிவைத்த நாலு வரியைப் பார்த்துத்தான் அது முடிவுசெய்கிறது. அதனால் அந்த நாலு வரியிலிருந்து தொடங்குங்கள்.

"இணையத்தில் தேடும்" என்று மட்டும் எழுதினால் போதாது. பழக்குலைக்கு மலாயில் புவா தண்டான் செகார், சுருக்கமாக பிடிஎஸ். ஒரு பெரியவர் "இன்னிக்கு பிடிஎஸ் ஹர்கா (விலை) எவ்வளவு?" என்று கேட்கிறார். ஏஜென்ட் அதையே தேடலில் போட்டால் கொரியப் பாட்டுக் குழுவின் டிக்கெட் விலை வந்து நிற்கலாம்.

அடுத்தது அலகு. பழத்தின் விலை இரண்டு விதமாக வெளியாகிறது. ஒன்று டன்னுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்). மற்றது, ஆலைக்காரர்கள் ஓஇஆர் என்று சொல்லும் எண்ணெய் பிழிவு விகிதத்தில் (பழ எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய்) ஒரு விழுக்காட்டுக்கு இத்தனை வெள்ளி. ஒரு பேச்சுக்கு, விழுக்காட்டுக்கு 40 வெள்ளி, விகிதம் 19 என்றால் டன் 760 வெள்ளி. அந்த 40-ஐ டன் விலை என்று ஏஜென்ட் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? விலை விழுந்துவிட்டது என்று நம்பி, அறுத்த குலையை அந்தப் பெரியவர் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார். பழத்தில் அமிலம் ஏறும், தரம் இறங்கும், நட்டம் அவருக்கு. ஒரு வரிக் குறிப்பு இல்லாததால் வரும் நட்டம் அது.

ஆக, இப்படி எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் சரி, பொருள் இதுதான்:

"செம்பனைப் பழக்குலை, கச்சாச் செம்பனை எண்ணெய், உரம் ஆகியவற்றின் சந்தை விலையைத் தேட மட்டும் இதைப் பயன்படுத்து. தேடும் சொற்களை மலாயில் போடு. பிடிஎஸ் என்று சுருக்காதே, முழுப்பெயரோடு சாவிட் (செம்பனை) என்ற சொல்லையும் சேர். தேதியும் வட்டாரமும் சேர். தேதி தெரியாத விலையைச் சொல்லாதே. டன் விலையா, ஒரு விழுக்காட்டு விலையா என்று சொல். நம் கடை விலை, பாக்கித் தொகை, லாரி நேரம் ஆகியவற்றுக்குத் தேடாதே."

என்னைக் கேட்டால் கடைசி வரிதான் உயிர். உங்கள் கடை விலை இணையத்தில் இல்லை. ஆனால் தேடினால் வேறு யாருடைய விலையாவது கட்டாயம் கிடைக்கும், ஏஜென்ட் அதைத் தயங்காமல் சொல்லும்.

இதை எங்கே போடுவது? டூலில் விளக்கப் பெட்டி இருந்தால் அங்கே போடுங்கள். சியர்எக்ஸ்என்ஜி (சொந்த சர்வரிலும் வைத்துக்கொள்ளக்கூடிய தேடுபொறி) போல ஆயத்தமாக வரும் டூலில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால், ஏஜென்ட்டுக்கு நிரந்தரக் கட்டளை எழுதும் இடமான சிஸ்டம் மெசேஜில் டூலின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இன்றைய தேதியையும், அதைத் தானாக நிரப்பும் நவ் எக்ஸ்பிரஷன் ($now) வழியாக அங்கேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஏஜென்ட்டுக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது, பழைய ஆண்டைப் போட்டுத் தேடலாம்.

அப்புறம் அண்ணனுக்கான குறிப்பு. தனிக் கோப்பாக வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது. என்8என் திரையில் டூலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கி நோட் (ஒட்டுக் குறிப்பு) போடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், பட்டன் பெயர்களை மட்டும் திரையில் இருக்கிறபடி விடுங்கள். எது உடையும் என்பதை முதலில் எழுதுங்கள். சியர்எக்ஸ்என்ஜியைச் சொந்த சர்வரில் வைத்திருந்தால், அதன் செட்டிங்ஸ் கோப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் ஜேசன் (ஏஜென்ட் படிக்கும் தரவு வடிவம்) இருக்க வேண்டும். இல்லையென்றால் 403 பிழை, அதாவது அனுமதி மறுப்பு, வரும். பிரவுசரில் திறந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், ஏஜென்ட்டுக்கு மட்டும் கதவு திறக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது. "403 வந்தால் ஜேசன் வரி இருக்கிறதா பார், சேர்த்துவிட்டு சர்வரை மறுபடி துவக்கு" என்று அப்படியே எழுதிவையுங்கள்.

எத்தனை முடிவு, எந்த மொழி என்ற அமைப்புகளுக்கு, நீங்கள் வைத்த மதிப்போடு ஏன் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். இன்னொன்று: தேடல் டூல் கொண்டுவருவது தலைப்பும் சுட்டியும் இரண்டு வரித் துணுக்கும்தான். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விலை அட்டவணை அந்தத் துணுக்கில் வராமல் போகலாம். அந்தப் பக்கத்தையே எடுத்துவர ஹெச்டிடிபி டூல் (இணையப் பக்கத்தைக் கொண்டுவரும் டூல்) ஒன்று தனியாக வேண்டும். இது தெரியாமல் அண்ணன் தேடல் டூலையே குடைந்துகொண்டிருப்பார்.

ஏபிஐ சாவியையும் (சேவைகளைத் திறக்கும் ரகசியக் குறியீடு) பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதாதீர்கள். ஒர்க்ஃப்ளோவை (என்8என்னில் நீங்கள் கட்டிய அமைப்பு) ஏற்றுமதி செய்தால் ஸ்டிக்கி நோட்டும் கூடவே போகும். தேடும் சொற்களும் கடையைவிட்டு வெளியே போகிறவைதான், அவற்றில் யாருடைய அடையாள அட்டை எண்ணும் சேரக்கூடாது என்று சிஸ்டம் மெசேஜில் ஒரு வரி போடுங்கள்.

ஏஜென்ட் ஓடிய பதிவுகள் இருக்கும் எக்ஸிகியூஷன்ஸ் பட்டியலைத் திறந்து, உண்மையாக வந்த ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றுக்கும் ஏஜென்ட் போட்ட தேடல் சொல்லையும் நோட்டில் ஒட்டுங்கள். சரியாக வந்ததையும் ஒட்டுங்கள், தப்பாகப் போனதையும் ஒட்டுங்கள்.

விடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், கடை மூடிய பிறகு, அந்த ஜேசன் வரியை நீங்களே நீக்கிவிட்டு அண்ணனை உட்காரவையுங்கள். வாய் திறந்து எதுவும் சொல்லாதீர்கள். குறிப்பை மட்டும் வைத்து அவர் சரிசெய்யட்டும். அவர் எந்த இடத்தில் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டும்.