வயலை ஈடு வைத்து மெடிசின் வேண்டாம்

மாங்குளம் பக்கமிருந்து ஒரு தாயும் தகப்பனும் வந்தார்கள். மகள் உயர்தரத்தில் பயோ செய்தவள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குக் காணாது. "வெளிநாட்டுக்கு அனுப்புங்கோ, மிச்சத்தை ஏஜென்சி பாக்கும்" என்று லண்டன் மாமா நெருக்குகிறாராம். வயல் உறுதியை ஈடு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

வைக்காதேங்கோ அக்கா. அங்கே படித்து முடித்தாலும் இங்கே வைத்தியம் செய்ய இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைய வேணும். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கட்டப்போவது மாமா அல்ல, நீங்கள்.

பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதும் கொப்பியைத் திறந்தாள். அடைக்கோழி விட்டுப்போன முட்டைகளை உடைத்துப் பார்த்து வரைந்த படங்கள். ஒரு கருவில் உடம்பே சரியாக உருவாகவில்லை, ஆனால் கறுத்த பெரிய கண். பக்கத்தில், "கண் எங்க வரவேணும் எண்டு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று எழுதியிருந்தாள். நோயாளியைப் பற்றி அந்தக் கொப்பியில் ஒரு வரி இல்லை.

அவள் கேட்டதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: கரு எப்படி உடம்பாகிறது என்று ஆராயும் விருத்தி உயிரியல். கலத்துக்குள் பரம்பரையலகுகளை (ஜீன்களை) எழுப்புவதும் அடக்குவதும் சீராக்கும் புரதங்கள். அவற்றில் கண்ணுக்கு முக்கியமானது பாக்ஸ்-6. அது வில்லையாகவோ விழித்திரையாகவோ ஆவதில்லை; டி.என்.ஏ.யில் ஒட்டி, கண்ணைக் கட்டும் மற்றப் பரம்பரையலகுகளை வேலைக்கு விடுகிறது. 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங்கின் குழு, அந்தப் புரதத்தை உண்டாக்கும் எலியின் பரம்பரையலகைப் பழ ஈயின் உடலில் கண் வராத இடத்தில் இயங்கவைத்தது. அங்கேயும் கண் முளைத்தது. எலிக்கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண்! மனிதரில் பாக்ஸ்-6 பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பிள்ளை கதிராளி, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வட்டம், சரியாக இல்லாமல் பிறக்கலாம். மூளையிலும் இதற்கு வேலை உண்டு. கருவின் மூளைப்புறணியில், அதாவது மூளையின் மேற்படையில், முன்பக்கம் பாக்ஸ்-6 அதிகம், பின்பக்கம் ஈ.எம்.எக்ஸ்-2 என்ற இன்னொரு சீராக்கும் புரதம் அதிகம். ஈ.எம்.எக்ஸ்-2 இல்லாத எலிக்கருவில் பார்வைக்குரிய பின்பகுதி சுருங்கி, முன்பகுதிகள் பரவிவிடும்.

இதற்கு வாசல் உயிரியல் விஞ்ஞானப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலேயே படிக்கலாம், கற்கைக் கட்டணம் இல்லை. தாதியம், ஆசிரியம் பற்றி ஊரே சொல்லும், நான் விடுகிறேன். நல்ல பெறுபேற்றோடு சிறப்புப் பட்டம் முடித்தால் கலாநிதிப் (பி.எச்.டி.) படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் உயிரியலுக்கு எடுபட்டால் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று, மாதப்படியும் தரும். எங்கட ஆக்கள் இதை இலேசில் நம்புவதில்லை. ஆனால் எடுபடுவது கடும் போட்டி, வருடக்கணக்கில் பொறுமை வேணும், பிள்ளை வன்னியை விட்டுத் தூரம் போகத்தான் வேணும். அதற்கு மனம் இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கோ.

விரிவுரைகள் ஆங்கிலத்தில். கம்பஸ் தொடங்கும்வரை கிடைக்கிற மாதங்களில் அவளை ஆங்கில வகுப்புக்கு விடுங்கோ. விண்ணப்பத்தில் பாடநெறிகளின் விருப்ப ஒழுங்கை அவளே நிரப்பட்டும்.