லோகோ நீலம் பேனர்ல ஊதாவா வருதா? கலரைப் பேரால சொல்லாதீங்க, நம்பரால சொல்லுங்க

கேள்வி: எங்க அறக்கட்டளைக்கு நீலமும் மஞ்சளும்தான் கலர். போன்ல அருமையா தெரியுற நீலம் பிளெக்ஸ்ல ஊதாவா வருது, லெட்டர்ஹெட்ல மங்கிப் போகுது, டி-ஷர்ட்ல வேற ஏதோ நீலம். என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லுங்க, லோகோவை பிரஸ்காரருக்கு எப்படி அனுப்புனீங்க? வாட்ஸ்அப்ல படமா போயிருந்தா அவரு கோரல்ட்ராங்குற டிசைன் சாஃப்ட்வேர்ல கண்ணளவுல ஒரு நீலத்தை எடுத்திருப்பாரு, அடுத்த கடைக்காரர் இன்னொண்ணை எடுத்திருப்பாரு, அங்கயே ரெண்டு நீலம் ஆயிடுச்சு. வெக்டர் ஃபைலா குடுங்க, அதாவது எவ்வளவு பெருசாக்குனாலும் உடையாத ஃபைல், அதை பிடிஎஃப்பா குடுத்தா போதும்.

ஊதா விஷயத்துக்கு வருவோம். போன் ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தைக் கலந்து காட்டுது, பிரிண்ட்ல சயான் (பச்சை கலந்த வெளிர் நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள், கருப்புன்னு மையைக் கலக்குறாங்க, ஸ்கிரீன்ல மின்னுற பல நீலம், பச்சை, ஆரஞ்செல்லாம் இந்த நாலு மையில வரவே வராது. சாஃப்ட்வேர் தானா மாத்துறப்ப சயானுக்குப் பக்கத்துலயே மெஜந்தாவும் ஏறிக்கும், ஊதா அடிக்குறது அதனாலதான். சயான் 100 சதவீதம்னா மெஜந்தாவை 65, 70க்கு மேல விடாதீங்க.

லெட்டர்ஹெட் மங்குறதுக்கு பேப்பர்தான் காரணம். மேப்லித்தோங்குற சாதா பேப்பர் மையைக் குடிச்சிரும், வழவழன்னு இருக்குற ஆர்ட் பேப்பர்ல மை மேலயே நிக்கும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் குடுக்குற, 1963ல வந்த பேன்டோன் முறையில ஒரே நம்பருக்கு சி, யூன்னு ரெண்டு வகை இருக்குறது இதுக்குத்தான், வழவழ பேப்பருக்கு ஒண்ணு, சாதா பேப்பருக்கு ஒண்ணு. லெட்டர்ஹெட்ல நீலம் மட்டும்னா நாலு கலர்ல அடிக்காம ஸ்பெஷல் கலரா மை கலந்து அடிக்கச் சொல்லுங்க, எழுத்தும் கூர்மையா வரும்.

டி-ஷர்ட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் நம்பரும் உதவாது, துணிக்காரர்கிட்ட ஷேட் கார்டு (நம்பர் போட்ட கலர் மாதிரி அட்டை) கேட்டு பகல் வெளிச்சத்துல ஒப்பிட்டுப் பாத்து அந்த நம்பரைக் குறிச்சுக்கோங்க, சுவர் பெயின்டுக்கும் அப்படியே.

இது எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி வைங்க: ஸ்கிரீனுக்கு ஆர் (சிவப்பு) 27, ஜி (பச்சை) 58, பி (நீலம்) 107 மாதிரி ஒரு கணக்கு, பிரிண்டுக்கு நாலு மையோட சதவீதம், பேன்டோன் நம்பர், துணி ஷேட், பெயின்ட் ஷேட். வேலை குடுக்குற ஒவ்வொருத்தர் கையிலயும் அந்தத் தாள் போகணும்.

உங்க மஞ்சளைப் பத்தி கேக்காமலே சொல்றேன், வெள்ளை மேல மஞ்சள் எழுத்து தயவுசெஞ்சு வேணாம். வெப்சைட்ல சாதாரண எழுத்துக்கு பின்னணியோட 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேணும், சுத்த மஞ்சள் வெள்ளை மேல 1.1 கூட வராது, வயசானவங்க எப்படிப் படிப்பாங்க? அதே மஞ்சள் அடர் நீலத்து மேல அழகா நிக்கும். நீலம்தான் முக்காவாசி இடத்துல இருக்கணும், நன்கொடை பட்டன், தேதி மாதிரி கண்ணுல படவேண்டிய இடத்துக்கு மட்டும் மஞ்சள்.

நல்லா வந்த முதல் பிரிண்ட் ஒண்ணுல தேதி போட்டு கையெழுத்து வாங்கி வெயில் படாம கவர்ல வைங்க, அடுத்த தடவை ப்ரூஃப் (மாதிரி பிரிண்ட்) வந்தா போன்ல பாத்து ஓகே சொல்லாம அதைப் பக்கத்துல வச்சுப் பாத்து சொல்லுங்க.