நிறை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்தவர் முதலே அறிய வேண்டியவை

கேள்வி: வயது 36, கோப்பாயில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 158 செ.மீ., நிறை 108 கிலோ. ஆறு வருடமாகச் சலரோகம். மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். நெஞ்செரிவுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒமெப்ரசோல் போடுகிறேன், முழங்கால் நோவு கூடினால் டைக்குளோபினக். மாதவிடாய் ஒழுங்கில்லை. ஒரு மகள் இருக்கிறா, இன்னொரு பிள்ளைக்கும் ஆசை. கொழும்பில் 'ஸ்லீவ்' சத்திரசிகிச்சைக்கு இரண்டு மாதத்தில் திகதி தந்திருக்கிறார்கள். கனடாவில் இதே சத்திரசிகிச்சை செய்த மச்சாள், "செய்ததில் கவலை இல்லை, ஆனால் சில விசயம் முதலே தெரிந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டன்" என்கிறா. அந்தச் சில விசயங்கள் எவை, டொக்டர்?

பதில்: உங்களுக்கு இது தேவைதானா என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கேற்ற நிறையின் அளவு) 43, கூடவே நீரிழிவும் இருக்கிறது. இத்துறையின் சர்வதேசச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே இதை வழங்கலாம் என்கிறது. எனக்கு உறுத்துவது, நீங்கள் இடையில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போன அந்த நெஞ்செரிவு.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை, முக்கால் பங்குக்கும் மேலாக, வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு ஒடுங்கிய குழாய். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. ஒடுங்கிய குழாய்க்குள் அமுக்கம் கூடும். கூடும் அமுக்கம் அமிலத்தை மேலே தள்ளும். அதனால் முன்பு நெஞ்செரிவே இல்லாத சிலருக்கும் ஸ்லீவுக்குப் பிறகு அது தொடங்குகிறது. முதலே இருப்பவருக்குக் கூடக்கூடும். பைபாஸ் எனப்படும் மற்ற நிறை குறைப்பு முறையில் உணவுக்குழாயின் கீழே ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு தொடுப்பார்கள். நெஞ்செரிவு பெரும்பாலும் அடங்கும். நீரிழிவுக்கும் அதன் பலன் சற்றுக் கூட. பதிலுக்கு விற்றமின் குறைபாடும், வருடங்கள் கழித்துக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் பைபாஸில் அதிகம்.

ஆகவே திகதிக்கு முன் என்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யாமல் விடாதீர்கள். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புண்ணோ, பரட் எனப்படும் உட்தோல் மாற்றமோ, இரைப்பை உதரவிதானத்தினூடாக மேலேறும் ஹேர்னியாவோ இருக்கிறதா என்று அதில் தெரியும். பரட் இருந்தால் ஸ்லீவ் பொதுவாக ஏற்றதல்ல. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிக்கோபக்ரர் கிருமி இருந்தால் இரண்டு கிழமை அளவு மருந்தில் முதலே தீர்த்துவிடலாம். "எனக்கு நெஞ்செரிவு இருக்கே, ஏன் ஸ்லீவ்?" என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. திருப்தியான பதில் வராவிட்டால் திகதியைத் தள்ளிப்போடுங்கள்.

டைக்குளோபினக்கையும் இப்போதே விடப் பழகுங்கள். பைபாஸ் செய்தால் தொடுத்த இடத்தில் புண் வருவதற்கு இந்த வகை நோக்குளிசைகளும் புகைத்தலும்தான் முதற் காரணங்கள். ஐபியூபுரூபனும் அதே குடும்பம். பரசிற்றமோல் போடலாம். டைக்குளோபினக் வகைக் குளிசைகளை ஸ்லீவ் செய்தவர்களும் தவிர்ப்பதே நல்லது.

எவ்வளவு குறையும்? ஸ்லீவில் மொத்த நிறையில் கால்வாசி அளவு, பைபாஸில் 30 வீதம் அளவு. உங்கள் கணக்கில் 27 முதல் 32 கிலோ. ஒன்று ஒன்றரை வருடத்தில் 76 முதல் 81 கிலோவில் நிற்பீர்கள். பிறகு கொஞ்சம் ஏறுவதும் வழமை. 55 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் நல்ல பலன்கூடத் தோல்வியாகத் தெரியும்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு கிழமை 800 முதல் 1000 கலோரி உணவு சொல்வார்கள். காரணத்தை யாரும் விளக்காததால் பலர் கடைசி நாட்களில் ஆசை தீரச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஈரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. கொழுப்பு ஊறிய ஈரல் பெரிதாகவும் பாரமாகவும் இருக்கும், தூக்கிப் பிடிக்கும்போது கிழிந்து இரத்தம் வரக்கூடும். இரண்டு கிழமை மாச்சத்தைக் குறைத்தால் அது சுருங்கி வழிவிடும். ஆனால் சோற்றையும் பிட்டையும் நிறுத்திவிட்டுக் கிளிக்ளசைட்டைப் பழைய அளவில் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்த உணவு தொடங்கும் நாளுக்கு முன்பே உங்கள் நீரிழிவுக் கிளினிக்கில் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் கிளிக்ளசைட் தேவைப்படாது. மெற்போமின் தொடரலாம். நீங்கள் குறட்டை விடுபவர், பகலில் தூங்கி வழிபவர் என்றால் அதையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள்.

இனிப் பயணம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஐந்தாம் நாள் இரவு பஸ்ஸில் ஏறி, காலை மடக்கியபடி விடியும்வரை இருந்து வருவதை நான் சம்மதிக்கமாட்டேன். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகான மரணங்களுக்கு முக்கிய காரணம், பெரும்பாலும் வீடு போன பிறகே நடக்கிறது. முடிந்தால் ஒரு கிழமையாவது கொழும்பில் உறவினர் வீட்டில் தங்குங்கள். வரும்போது வான் வண்டியில் வந்து, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடவுங்கள். உறைதலைத் தடுக்கும் ஊசி வீட்டுக்கும் தருவார்களா என்று கேளுங்கள்.

வெட்டித் தைத்த இடம் கசிவது நூறு பேரில் ஒருவர் அளவுக்குத்தான், ஆனால் தாமதித்தால் உயிராபத்து. முதல் மூன்று கிழமை அவதானம் தேவை. சும்மா இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று நோ, இடது தோள்மூட்டு நோ, மூச்சு முட்டுதல் இவற்றில் எது வந்தாலும் 'வாயு' என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வயிறு தொட்டால் வலிக்காமலும் கசிவு இருக்கலாம். நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

வைத்தியசாலைக்குத் திரும்பி வர வைக்கும் முக்கிய காரணம் ஒன்று உடல் வரட்சி. நாளுக்கு 1.5 லீற்றர் குடிக்க வேண்டும், ஆனால் ஒரு தம்ளரை மடமடவென்று இறக்க முடியாது. ஒரு தடவைக்கு 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. கணக்குப் பார்த்தால் நாளுக்கு 50 தடவை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் மூன்று நான்கு தடவை. தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் இன்னும் கூடத் தேவை. வகுப்பில் நிற்கும் உங்களுக்கு இது உண்மையில் கஷ்டம், ஆகவே குறைந்தது ஒரு மாத லீவு எடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சாப்பாடு இரண்டு கிழமை திரவம், அடுத்த இரண்டு கிழமை அரைத்தது, அதற்கடுத்த இரண்டு கிழமை மெதுவானது என்று போகும். உங்கள் வைத்தியசாலை வேறு கணக்குத் தந்தால் அதையே பின்பற்றுங்கள். மச்சாளின் கனடாப் பட்டியலில் சூப்பும் யோகட்டும் இருக்கும். எங்கள் அடுப்படிக்கு இப்படிச் சொல்லலாம்: மிளகாய் இல்லாத மீன் சொதியை, முதற்பால் விடாமல், மீனோடு அரைத்து வடித்தது, கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்தது, பருப்புத் தண்ணீர். ஒடியல் கூழ் ஆறு கிழமைக்குள் வேண்டவே வேண்டாம். பனங்கிழங்கின் நார் பிறகும் கவனம், சிறு இரைப்பையில் திரண்டு அடைக்கக்கூடும். சோறு, பிட்டு, பாண் மூன்றும் உள்ளே ஊதித் திரண்டு நிற்கும். நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி இருந்து, வாயில் நுரை ஊறி, சத்தியாகும். தொண்டையில் இறங்குமுன் பசையாகும்வரை மெல்லுங்கள். சாப்பாட்டுக்கு 20 நிமிடமாவது வேண்டும்.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை, அதைக் கோப்பையில் முதலில் சாப்பிட வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் 150 கிராமில் 33 அளவு, பால்மா 30 கிராமில் 10, அவித்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9. அவ்வளவோடு 60 தாண்டிவிடும். சிக்கல் எங்கள் விரத நாட்களில்தான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் விட்டு, முட்டையும் விட்டு, மரக்கறியும் சோறுமாக இருந்தால் புரதம் பாதிக்குக் கீழே போய்விடும். அந்த நாட்களில் சோயா மீற் காய்ந்த நிறையில் 30 கிராம் (புரதம் 15 அளவு), பால்மா இரண்டு தடவை, பருப்பு, தயிர், உழுந்து என்று எழுதிவைத்துச் சாப்பிடுங்கள். கந்தசஷ்டி போல ஆறு நாள் உபவாசம் முதல் வருடத்தில் கூடாது, பிறகும் தண்ணீர் குடியாமல் இருக்கக் கூடாது. முருகனுக்கு உங்கள் உடல்நிலை தெரியும்.

பைபாஸ் செய்தவர் சீனி கூடிய எதையும், பனங்கட்டிக் கொழுக்கட்டை இரண்டு என்றாலும், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று துவண்டுபோகலாம். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்துச் சீனி இறங்கி மயங்குவதும் உண்டு. கலியாணவீட்டில் "ஒரு வாய்" என்று ஊட்டவரும் மாமிமாருக்கு இதை முதலே சொல்லிவையுங்கள்.

விற்றமின் குளிசைகள் ஆயுள் முழுவதும். பல்விற்றமினோடு விற்றமின் பி12 நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் (அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி), கல்சியம் சிற்றேற் 1200 முதல் 1500 மில்லிகிராம் பிரித்துப் பிரித்து, விற்றமின் டி 3000 அலகு, மாதவிடாய் உள்ளவர் என்பதால் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். இரும்பும் கல்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணீரோடு போட்டால் பெரும்பகுதி வீண். மாதச் செலவை மருந்துக் கடையில் விசாரித்து, சத்திரசிகிச்சைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தலைமயிர் மூன்றாம் மாதமளவில் கொத்தாகக் கொட்டும். பயப்படாதீர்கள், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும், அதற்குக் களிம்பு உதவாது. வேகமாக மெலியும்போது பித்தப்பைக் கல் உருவாகலாம். அதைத் தடுக்க ஆறு மாதம் ஊர்சோடியொக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து தேவையா என்று கேளுங்கள்.

பிள்ளை விசயத்தில் அவசரப்பட வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். நிறை குறைய மாதவிடாய் ஒழுங்காகும், எதிர்பாராமலே கரு தங்கும். ஒன்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்தால் வாய்வழிக் கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது; கருப்பைக்குள் வைக்கும் லூப் நல்லது. 36 வயதில் ஒன்றரை வருடம் பெரிது என்று நீங்கள் நினைப்பது நியாயம், அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே மகப்பேற்று நிபுணரோடும் பேசுங்கள். பிறகு கர்ப்பிணி கிளினிக்கில் நீரிழிவைச் சோதிக்க 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கத் தந்தால், சத்திரசிகிச்சை செய்ததைச் சொல்லி, வீட்டில் சீனி அளந்து பார்க்கும் முறையைக் கேளுங்கள்.

கடைசியாக, பணப்பையில் ஒரு அட்டை. எந்தச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, செய்தவரின் தொலைபேசி இலக்கம். அதன் கீழே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இதை எழுதுவியுங்கள்: "சத்தி நிற்காவிட்டால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் விற்றமின் பி1 ஊசி தேவை. டைக்குளோபினக் தர வேண்டாம்." நாட்கணக்கில் சத்தி எடுப்பவரின் உடம்பில் பி1 வற்றியிருக்கும், அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கால் விறைப்பது அதன் அறிகுறிகள். நடு இரவில் அவசரப் பிரிவில் உங்களைப் பார்க்கும் இளம் வைத்தியருக்கு உங்கள் வயிற்றிலுள்ள ஐந்து சிறு தழும்புகள் எதையும் சொல்லாது, அந்த அட்டை சொல்லும்.