வீட்டு சர்வரை எப்போது ரீஸ்டார்ட் செய்வது?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு சர்வர் போட்டு, குடும்பப் புகைப்படங்களை அதில் சேமிக்கிறேன். 24 மணி நேரமும் ஓடுகிறது. ஞாயிறுதோறும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள் சிலர், தொடவே கூடாது என்கிறார்கள் சிலர். எது சரி?

பதில்: கிழமை பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்தால் செய்தே ஆக வேண்டும். புதிய கெர்னல் டிஸ்க்கில் பதிந்தாலும் மெமரியில் ஓடுவது பழையதுதான். அடைத்த பாதுகாப்பு ஓட்டை அதுவரை திறந்தே கிடக்கும். லாகின் செய்ததும் 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரிக்வயர்ட்' என்று வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். இப்படிச் செய்தால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை வரும்.

மெமரி நிரம்பியதாகத் தெரிவது தனிக் காரணம் ஆகாது. 'ஃப்ரீ' கட்டளையில் 'அவைலபிள்' என்ற எண்ணைப் பாருங்கள்; காலி மெமரியை லினக்ஸ் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்தவற்றின் தற்காலிக நகலுக்கு) எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். அந்த எண்ணும் நாளுக்கு நாள் குறைந்தால், மெமரியைத் தின்னும் சர்வீஸை (பின்னணியில் ஓடும் நிரலை) மட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' கொடுத்து மீண்டும் தொடங்குங்கள்.

ரீஸ்டார்ட் செய்யாமலே ஓராண்டு ஓட்டுவதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. நடுவில் மாற்றிய அமைப்புகளில் உள்ள தவறு, மின்வெட்டுக்குப் பிறகுதான் தெரியவரும். அப்போது நீங்கள் ஊரில் இல்லாமலும் போகலாம். அடிக்கடி மாட்டிவிடுவது, தொடங்கும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைல். யூஎஸ்பி டிஸ்க்கை அதில் சேர்த்து 'நோஃபெயில்' (கிடைக்காவிட்டாலும் மேலே செல்) என்று எழுதாமல் விட்டால், டிஸ்க் கிடைக்காதபோது சிஸ்டம் 90 விநாடி காத்திருந்துவிட்டு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வேலை செய்யாது. மானிட்டரும் கீபோர்டும் மாட்டித்தான் சரிசெய்ய வேண்டும். 'எஸ்டிபி' போன்ற டிஸ்க் பெயர் இடம் மாறும், ஆகவே மாறாத அடையாள எண்ணான யூயூஐடி எழுதுங்கள். டாக்கர் கன்டெய்னர்களுக்கு (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறை) 'அன்லெஸ்-ஸ்டாப்ட்' போன்ற ரீஸ்டார்ட் அமைப்பைக் கொடுக்காவிட்டால் அவை தானாக எழாது. பயாஸில் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏசி பவர் லாஸ் அமைப்பை 'பவர் ஆன்' என்று மாற்றினால், கரன்ட் வந்ததும் மெஷின் தானே எழும்.

எம்டி வகை ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸ் முறை) இருந்தால் மாதத்தின் முதல் ஞாயிறைத் தவிருங்கள். அன்று தொடங்கும் டிஸ்க் சரிபார்ப்பு பெரிய டிஸ்க்குகளில் பல மணி நேரம் நீளும். நடுவே ரீஸ்டார்ட் செய்தால் தடைபடும்.

கேள்வி: இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆக வைக்கலாமா?

பதில்: அப்டேட்டுகளைத் தானாகப் போடும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' அமைப்பில் 'ஆட்டோமேட்டிக் ரீபூட்' இயல்பாக அணைந்திருக்கும். அதை 'ட்ரூ' ஆக்கி நேரம் 03:30 கொடுக்கலாம். பேக்கப் ஓடும் நேரத்தோடு மோத விடாதீர்கள். கையால் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, எல்லாச் சர்வீஸும் தானாக எழுவதைப் பார்த்த பிறகே இதைத் தொடுங்கள்.