போர் விமானப் பாதைக்கு அடியில் ஒரு வீடு: முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, நான் திருநெல்வேலிக்காரன். கிரீன் கார்டில் இருந்தபோதே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தேன், பிறகு குடியுரிமையும் கிடைத்தது. இப்போது வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக்கில் வேலை. விஏ லோனில் (படைவீரர் நலத் துறையான விஏவின் உத்தரவாதத்தோடு கிடைக்கும் வீட்டுக் கடன்) முதல் வீடு வாங்கலாம் என்று, பக்கத்து ஊரான வர்ஜீனியா பீச்சில் 4,20,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டு 5,000 டாலர் முன்பணம் கட்டிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது தெரு அமைதியாக இருந்தது. கையெழுத்துக்குப் பிறகு ஏஜென்ட் அனுப்பிய காகிதங்களில்தான், வீடு ஓஷியானா கடற்படை விமானத் தளத்தின் 75 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் மண்டலத்திலும், விமானம் விழ வாய்ப்புள்ள பகுதியான 'விபத்து வாய்ப்பு மண்டலம் 2' என்பதிலும் இருப்பதாக ஒரு படிவம் இருந்தது. மின்னஞ்சல் வந்து எட்டு நாள் கழித்து, நேற்றுத்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். இதற்கிடையில் விஏ மதிப்பீடு 4,05,000 என்று வந்திருக்கிறது. "விஏவே ஒப்புக்கொண்ட வீடு, வித்தியாசத்தை மட்டும் கையிலிருந்து கட்டிவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். மாமனார் ஊரிலிருந்து பணம் அனுப்பத் தயார். எங்களுக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது; மனைவி அந்த வீடே வேண்டாம் என்கிறாள். விலகினால் முன்பணம் கிடையாது என்கிறார் விற்பவர். அடுத்த ஆண்டு சான்டியாகோவுக்கு மாற்றல் வரலாம் என்றும் பேச்சு. என்ன செய்வது?

பதில்: தம்பி, முதல் வேலை, 15,000 டாலர் கூடுதலாகக் கட்டச் சம்மதம் என்று யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் வெளியே வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அநேகமாக அடைபட்டுவிட்டது. இன்னொன்று இன்று திறந்திருக்கிறது. அந்தக் கையெழுத்து அதையும் அடைத்துவிடும்.

அடைபட்ட வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு விற்பவர் வீட்டின் குறைகளைச் சொல்லியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வர்ஜீனியாவில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். அங்குள்ள படிவத்தைப் பொறுமையாகப் படித்தால், 'நான் எதற்கும் உறுதி சொல்லவில்லை, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்' என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்துகிறது. ராணுவ விமானத் தளம் உள்ள ஊரில், நகரத்தின் மண்டல வரைபடத்தில் வீடு இரைச்சல் மண்டலத்திலோ விபத்து வாய்ப்பு மண்டலத்திலோ இருந்தால், எந்த மண்டலம் என்பதை விற்பவர் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அதையும் ஒப்பந்தம் முடிவாவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தாமதமாகக் கொடுத்தார்கள். அந்தத் தாமதத்துக்குச் சட்டம் தரும் பரிகாரம், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை.

ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. படிவம் நேரிலோ மின்னஞ்சலிலோ கைக்கு வந்து மூன்று நாள், தபாலில் வந்தால் முத்திரை நாளிலிருந்து ஐந்து நாள். அதற்குள் எழுத்தில் ரத்து செய்திருக்க வேண்டும். நீங்கள் எப்போது பிரித்துப் பார்த்தீர்கள் என்பது கணக்கில் வராது. இன்னொரு பொறியும் இருக்கிறது. கடன் விண்ணப்பத்திலேயே 'விண்ணப்பித்தவுடன் ரத்து உரிமை முடிகிறது' என்று ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், மூன்று நாளைக்குக் கூடக் காத்திருக்காமல் உரிமை போய்விடும். உங்கள் விண்ணப்பத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டு நாள் ஆகிவிட்டதால், இந்த வழியை நம்பி நான் வாதாட மாட்டேன்.

இனி திறந்திருக்கும் வழி. விஏ லோனில் வாங்கும்போது, மதிப்பீடு வருவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டால், அதில் ஒரு பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும். 'எஸ்கேப் கிளாஸ்' என்பார்கள். அதன் சாரம் இதுதான்: ஒப்பந்த விலை விஏ நிர்ணயித்த நியாயமான மதிப்பைவிட அதிகமாக இருந்தால், வாங்குபவர் வீட்டை வாங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லை, முன்பணத்தை இழக்கவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் வேறு எங்கே என்ன எழுதியிருந்தாலும் இதுதான் நிற்கும். 4,20,000க்கும் 4,05,000க்கும் உள்ள இடைவெளியே உங்களுக்குப் போதும். இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மனைவிக்குப் பிடிக்கவில்லை, குழந்தை தூங்காது என்ற காரணங்களை எழுதவே எழுதாதீர்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எழுதினால், 'மனசு மாறியதால் விலகுகிறார்' என்று எதிர்த்தரப்பு திருப்பிப் பேச நீங்களே இடம் கொடுத்ததாகும்.

இதற்கும் நேரம் முக்கியம். மூன்று விதத்தில் இந்த வழி குறுகலாம். முதலாவது, கூடுதலாகக் கட்டச் சம்மதம் என்று நீட்டும் அந்தக் காகிதம். வித்தியாசத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளும் உரிமையை அதே பிரிவு உங்களுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்துவதாக ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் பின்வாங்குவது கடினம். இரண்டாவது, மறுமதிப்பீடு. பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விவரத்தைக் காட்டி மதிப்பை உயர்த்தக் கேட்கலாம். மதிப்பு குறையும் என்று தோன்றினால் மதிப்பீட்டாளர் முன்கூட்டியே தகவல் சொல்லி, அப்படிப்பட்ட விவரம் தர இரண்டு வேலை நாள் அவகாசம் கொடுக்கும் 'டைட்வாட்டர்' முறையும் விஏவில் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் இப்போது மறுமதிப்பீட்டுக்கு ஓடி, மதிப்பு 4,20,000 ஆகிவிட்டால், இடைவெளியும் போய்விடும், வழியும் போய்விடும். எனவே அப்படி ஒன்றும் கேட்க வேண்டாம் என்று லெண்டருக்கும் (கடன் தரும் நிறுவனம்) ஏஜென்ட்டுக்கும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, சில ஒப்பந்தப் படிவங்களில், விற்பவர் விலையை மதிப்பீட்டு அளவுக்கு இறக்கிவிட்டால் வாங்குபவர் தொடர வேண்டும் என்ற ஷரத்து இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. மதிப்பீடு பற்றிய பத்தியை மட்டுமாவது இன்றே படியுங்கள்.

நார்ஃபோக் பகுதியில் கடற்படையின் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, பணியில் இருப்பவர்களுக்கு இலவசம். ஒப்பந்தம், விஏவின் மதிப்பு அறிவிப்பு, அந்த மின்னஞ்சல் மூன்றையும் எடுத்துக்கொண்டு அங்கே போனால் ஒரு மணி நேரத்தில் தெளிவாகிவிடும்.

முன்பணத்தை விற்பவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அது ஏஜென்சியிடமோ, குளோசிங் (வீட்டைக் கைமாற்றும் இறுதிப் பரிவர்த்தனை) நடத்துபவரிடமோ பொதுவாக எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான பொறுப்பில், இருக்கும். இரு தரப்பும் கையெழுத்திட்டால் விடுவிப்பார்கள், இல்லையென்றால் நீதிமன்றம் சொல்ல வேண்டும். விற்பவர் முறைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாவிட்டாலும் பயமில்லை. வர்ஜீனியாவில் 5,000 டாலர் வரையான வழக்கை வக்கீலே இல்லாமல் ஸ்மால் கிளெய்ம்ஸ் பிரிவில் நடத்தலாம். உங்கள் தொகை சரியாக அந்த எல்லைக்குள் நிற்கிறது. இவ்வளவு தெளிவான பிரிவு இருக்கும்போது பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

"விஏவே ஒப்புக்கொண்ட வீடு" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். விஏ பணம் கொடுப்பதில்லை. லெண்டர் கொடுக்கும் கடனுக்கு ஒரு பங்கு உத்தரவாதம் தருகிறது, அவ்வளவுதான். 1944இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து அடிப்படை அதுவே. அதன் மதிப்பீட்டாளர் பார்ப்பது கடனுக்கு அந்த வீடு ஈடாகுமா, பாதுகாப்பு, சுகாதாரம் ஆகிய குறைந்தபட்சத் தகுதிகள் இருக்கின்றனவா என்பதை. ராத்திரி பத்தரைக்கு உங்கள் பிள்ளை தூங்குமா என்பது அவர் வேலை இல்லை. உச்ச இரைச்சல் மண்டலத்தில் இருப்பதால் மட்டும், ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு விஏ லோன் நின்றுவிடாது. இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தே வாங்குகிறேன் என உங்களிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். ஓடுபாதை முனையை ஒட்டிய 'கிளியர் ஸோன்' என்றால் புது வீட்டுக்குக் கடன் கிடையாது. ஆக, அந்த ஒப்புதல் லெண்டரைக் காக்கிறது. உங்கள் கையெழுத்தும் அவர்களைத்தான் காக்கிறது.

அந்த 75 டெசிபல் எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அது ஒரு விமானம் தலைக்கு மேல் போகும்போது எழும் சத்தம் அல்ல. பகல், இரவு, விமானமே பறக்காத நேரம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த சராசரி. இரவு 10 முதல் காலை 7 வரையான சத்தத்துக்கு மட்டும் 10 டெசிபல் கூட்டிக் கணக்கிடுவார்கள். சராசரியே 75ஐத் தாண்டுகிறது என்றால், சூப்பர் ஹார்னெட் போர் விமானம் நேராக மேலே போகும் அந்தச் சில நொடிகள் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் பயிற்சியை இரவில்தான் அதிகம் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தது, மன்னிக்கவும், கோயில் நடை சாத்தியிருக்கும்போது போய்க் கூட்டமே இல்லை என்று சொன்ன மாதிரி. இன்னொரு வீடு பார்க்கும்போது வார நாளில், இருட்டிய பிறகு, வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

விபத்து மண்டலம் என்பதும் வெறும் காகிதக் கோடு இல்லை. 2012 ஏப்ரல் 6 அன்று ஓஷியானாவிலிருந்து கிளம்பிய எஃப்-18 ஒன்று வர்ஜீனியா பீச்சில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். குடியிருந்தவர்களிலும் ஒருவரும் சாகவில்லை. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, ஆயிரக்கணக்கானோர் அங்கே நிம்மதியாகவே வாழ்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் தெரிந்து வாங்குங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"இப்போது வாங்கிவிட்டு, பிறகு நஷ்டஈடு கேட்டால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அரசாங்க விமானங்கள் தாழப் பறந்து நிலத்தைப் பயனற்றதாக்கினால் அது சொத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் காஸ்பி வழக்கில் சொல்லியிருக்கிறது. வடகரோலினாவில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் தொடுத்த வழக்கு அது. விமானம் போன அதிர்ச்சியில் கோழிகள் சுவரில் மோதியே சுமார் 150 செத்துப்போயின. ஆனால் அவர் ராணுவ விமானங்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர். எல்லாம் தெரிந்து இன்று வாங்குபவருக்கு அந்த வாதம் எடுபடாது. விமானத் தளம் பற்றிய படிவத்தைத் தராமல் விட்டாலோ தவறாகத் தந்தாலோ, உண்மையான நஷ்டத்துக்கு ஓராண்டுக்குள் விற்பவர் மேல் வழக்குப் போட வர்ஜீனியா சட்டம் இடம் தருகிறது. படிவத்தைப் படித்துவிட்டு அதற்குப் பிறகு குளோசிங் செய்தவர் என்ன நஷ்டத்தைக் காட்டுவார்? அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

மாமனார் பணம். மதிப்பைத் தாண்டிய 15,000ஐக் கடனில் சேர்க்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். அன்பளிப்பாக வரலாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கடிதமும், பணம் வந்த தடமும் லெண்டர் கேட்பார். ஊரில் வங்கி, ஒரே நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும். மாமனார் அதை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். என் கருத்து, இந்த வீட்டுக்காக அவர் சேமிப்பைத் தொடவே வேண்டாம்.

மாற்றல் விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் படைவீரர்களிடையே சுற்றுகின்றன. ஒன்று, மாற்றல் உத்தரவைக் காட்டினால் எந்த ஒப்பந்தத்திலிருந்தும் வெளியே வரலாம் என்பது. படைவீரர் நிவாரணச் சட்டம் அந்த உரிமையை வாடகை ஒப்பந்தத்துக்குத் தருகிறது, வீடு வாங்கும் ஒப்பந்தத்துக்குத் தரவில்லை. அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது, உத்தரவு வந்தால் முன்பணத்தோடு விலகலாம் என்ற வரியைக் கேட்டுச் சேருங்கள். இன்னொன்று, வாங்கிவிட்டு வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது. விஏ லோனுக்கு, பொதுவாக 60 நாளுக்குள் குடியேறும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். நீங்கள் கப்பலில் இருந்தால் மனைவி குடியிருந்தாலும் போதும். குடியேறிய பிறகு உத்தரவு வந்து, அப்புறம் வாடகைக்கு விட்டால் தவறில்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் குடியிருக்கப் போவதில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சான்று. கூட்டரசுக் குற்றம். வேலையும் போகும்.

அப்படி வாடகைக்கு விட்டுவிட்டுப் போனால், சான்டியாகோவில் உங்கள் விஏ உத்தரவாத உரிமை முழுதாக இருக்காது. 4,05,000 கடனுக்கு அதில் கால்பங்கு, அதாவது 1,01,250, இங்கே சிக்கிக்கொள்ளும். 2025ஆம் ஆண்டின் அடிப்படைக் கடன் வரம்பான 8,06,500இன் கால்பங்கில் அதைக் கழித்துக் கணக்கிட்டால், டவுன் பேமென்ட் இல்லாமல் அடுத்து வாங்கக்கூடியது சுமார் 4 லட்சம் டாலர். சான்டியாகோவுக்கு வரம்பு கூடுதல்தான். ஆனால் அங்குள்ள வீட்டு விலை உங்களுக்கே தெரியும். முதல்முறை 2.15 சதவீதமாக இருக்கும் ஃபண்டிங் ஃபீயும் (விஏவுக்குக் கட்டும் கட்டணம்) அடுத்த முறை 3.3 சதவீதம். ஓராண்டில் கிளம்பக்கூடும் என்ற நிலையில், விற்கவும் கஷ்டமான இடத்தில் இந்த உரிமையைக் கட்டிப்போட நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே நோட்டீஸ் கொடுங்கள். ஒப்பந்தத் தேதி, வீட்டு முகவரி, ஒப்பந்த விலை, விஏ மதிப்பு, எஸ்கேப் கிளாஸின் கீழ் விலகுகிறேன், முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்ற நான்கைந்து வரி போதும். மதிப்பு அறிவிப்பின் நகலை இணையுங்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் யாருக்கு, எந்த வழியில் என்று எழுதியிருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் சொன்னது கணக்கில் சேராது. கூடவே முன்பண விடுவிப்புப் படிவத்தில் நீங்களும், மனைவியும் ஒப்பந்தத்தில் இருந்தால் அவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள். விற்பவர் கையெழுத்து மட்டும் பாக்கி இருக்கட்டும்.