ரத்தத்தில் சுற்றும் செல்களை எண்ணிப் பார்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய். கீமோ முடிந்து ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறோம். ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல்களை எண்ணினால் நோய் திரும்புமா என்று தெரியுமாமே, அந்த டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: நான் அவசரப்பட மாட்டேன். கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் கலக்கும் செல்கள் இவை, 1869-லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் கண்டு எழுதியது. உணவுக்குழாய்ப் புற்றுநோயிலும் இவை தென்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் இவற்றை எண்ண 2004-ல் அமெரிக்கா அனுமதித்த செல்சர்ச் கருவி பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக வந்தது, அப்புறம் பெருங்குடல், ப்ராஸ்டேட் சேர்ந்தன. அது 7.5 மில்லி ரத்தத்தில் எப்கேம் என்ற புரதத்தை அடையாளமாக வைத்துத்தான் செல்களைப் பிடிக்கிறது, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் செதிள் செல் என்ற வகையில் அந்தப் புரதம் குறைந்திருந்தால் செல் நழுவிவிடும், அதனால் பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்தாலும் அதை நம்பி உட்கார முடியாது. சரி, எண்ணிக்கை கூடுதலாக வந்தால்? அதை மட்டும் பார்த்து டாக்டர் சிகிச்சையை மாற்றப்போவதில்லை.

இப்போது அப்பாவின் எடை குறையாமல் பாருங்கள், அது ரொம்ப முக்கியம். ஆபரேஷனுக்குப் பின் வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எத்தனை நிணநீர் முடிச்சுகளில் நோய் இருக்கிறது, கீமோவுக்குத் தப்பிய கட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.